குமரியில் வீடு: இப்போதே வாங்குவதா, மந்தம் வரட்டும் என்று இருப்பதா?

கையில் பத்துப் பதினைந்து லட்சம் சேர்ந்திருக்கிறது. மீதிக்கு வங்கியில் கடன் கிடைக்கும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ சொந்தமாக ஒரு வீடு வேண்டும். ஆனால் செய்தியைத் திறந்தால் ஆள்குறைப்பு, போர், கச்சா எண்ணெய், மந்தம். "கொஞ்சம் பொறுடே, வெல தானா எறங்கும்" என்கிறார் மச்சான். "இந்த மாவட்டத்துல சென்ட் வெல என்னைக்கு சார் எறங்கியிருக்கு?" என்கிறார் புரோக்கர். இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கட்டிய வீட்டை இப்போதே கடனில் வாங்கலாம். வாடகைக்கு இருந்துகொண்டு காத்திருக்கலாம். ஒத்திக்குப் போகலாம். மனையை வாங்கிப் போட்டுவிட்டு வீட்டைப் பிறகு கட்டலாம். பழைய வீடாகப் பார்த்து முடிக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்குமுன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரம் படுத்தால் குமரி மாவட்டத்தில் விலை இறங்குவது குறைவு, வியாபாரம்தான் நிற்கும். சொல்கிற விலை அப்படியே இருக்கும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது. பணமுடை வந்த சிலர் மட்டும் இறங்கி வருவார்கள். அதனால் விற்பவர் யார், எதற்காக விற்கிறார் என்று தெரிந்துகொள்வது, விலை விழுமா என்று ஜோசியம் பார்ப்பதைவிட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

வெளியூர்க் கதையும் நம்மூர்க் கதையும்

விலை விழவே விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2006-இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2012-க்குள் தேசிய அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அயர்லாந்தில் 2007-க்குப் பிறகு ஏறத்தாழ பாதியானது. ஜப்பானில் 1991-இல் உச்சம் தொட்ட நில விலை பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே போனது. மூன்று இடத்திலும் அடியில் இருந்தது கடன். தவணை கட்ட முடியாமல் வீடுகள் வங்கியின் கைக்குப் போயின. ஒரே தெருவில் நாலைந்து வீடு கிடைத்த விலைக்கு விற்கப்பட்டால் கடனே இல்லாத பக்கத்து வீட்டுக்கும் அதுதான் விலை. 2008 வாக்கில் அமெரிக்காவின் வீட்டுக் கடன், அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் இன்றும் அது 12 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

அதே அமெரிக்காவில் 2020 கோவிட் மந்தத்தின்போது வட்டி சரிந்ததால் வீட்டு விலை ஏறியது. இங்கேயும் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை பொருளாதாரம் ஏறத்தாழ கால்வாசி சுருங்கியது. ரிசர்வ் வங்கி மே மாதத்தில் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 4 சதவீதமாக்கியது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடவும் அனுமதித்தது. அவசரமாக விற்க வேண்டிய நெருக்கடி பலருக்கு வராமலே போனது. இப்போது வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், 2019 அக்டோபர் முதல், பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. மந்தம் வந்து ரெப்போ குறைந்தால் தவணையும் குறையும். வாங்குபவரின் கை கொஞ்சம் நீளும், விலைக்கும் ஒரு முட்டுக் கிடைக்கும்.

நாகர்கோவிலில் விலை போகும் போக்கைத் தெரிந்துகொள்ள நல்ல அளவுகோல் ஒன்றும் இல்லை. தேசிய வீட்டு வசதி வங்கியும் ரிசர்வ் வங்கியும் வெளியிடும் வீட்டு விலைக் குறியீடுகள் பெருநகரங்களைச் சுற்றியே இருக்கின்றன. நமக்கு அருகில் என்றால் கொச்சியும் திருவனந்தபுரமும்தான். ஆகவே நினைவில் இருக்கும் ஒரு மந்தத்தை எடுத்துப் பார்ப்பதே வழி. எனக்குத் தெரிந்து 2016-17 போல ஒரு நல்ல பாடம் இல்லை.

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். வாழையும் ரப்பரும் சாய்ந்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல், மாவட்டமே நிலைகுலைந்து நின்ற காலம் அது. நிலத்துக்கு இதைவிடக் கெட்ட நேரம் வர முடியாது. பதிவு அலுவலக வாசலில் ஆதாரம் (நம்மூரில் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) எழுதுகிறவர்கள் பேப்பர் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதிவுக்காக அரசு நிலத்துக்குக் குறித்து வைக்கும் வழிகாட்டி மதிப்பை அரசே 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தது.

சரி, விற்பவர்கள் குறைத்தார்களா? நான் பார்த்தவரை ஊருக்குள் இருக்கும் வீடுகளில் யாரும் சென்ட் விலையைக் குறைத்துச் சொல்லவில்லை. "இப்ப விக்கல்ல, பொறவு பாக்கலாம்" என்று போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். அடி வாங்கியது ஊருக்கு வெளியே வயலையும் தோப்பையும் துண்டு போட்டு, கல் நட்டு, கொடி கட்டிய மனைகள். முன்பணம் கொடுத்துவிட்டுப் பதிவு செய்ய முடியாமல் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரே மாவட்டம், ஒரே மந்தம், ஆனால் ஒன்று அசையவில்லை, இன்னொன்றை விற்கவே முடியவில்லை.

விலை அசையாமல் நிற்பதும் ஒருவகையில் வீழ்ச்சிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 50 லட்சம் சொன்ன வீடு ஐந்து வருடம் கழித்தும் 50 லட்சமே என்று வையுங்கள். மற்ற விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால், அந்த 50 லட்சத்தின் மதிப்பு இன்றைய கணக்கில் 39 லட்சம். இந்தியாவில் பல ஊர்களில் 2014-க்குப் பிறகு சில ஆண்டுகள் நடந்தது இதுதான். உரிமையாளர் "நான் குறைச்சு விக்கல்லயே" என்று நிம்மதியாக இருப்பார். காத்திருந்தவரும் சம்பளம் ஏறியிருந்தால் லாபத்தில்தான் இருப்பார்.

திர்ஹம் கணக்கு

நம் மாவட்டத்தில் உள்ளூர்ச் சம்பளத்தை மட்டும் வைத்து வீட்டு விலையைப் புரிந்துகொள்ள முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், மாநில சராசரியைப் போல இரண்டு மடங்கு. பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். இருக்கிற இடம் குறைவு, அதன்மேல் வந்து இறங்குவது வெளிநாட்டுப் பணம்.

அமீரகத்துத் திர்ஹம், டாலருக்கு 3.6725 என்று 1997-லிருந்து கட்டப்பட்டிருக்கிறது. சவுதி ரியாலும் அப்படியே, 3.75. டாலர் 65 ரூபாயாக இருந்த 2017-இல் ஒரு திர்ஹம் 17 ரூபாய் 70 காசு. டாலர் 85-ஐத் தொட்டபோது 23 ரூபாய்க்கு மேல். மாதம் 2,000 திர்ஹம் மிச்சம் பிடிக்கிறவர் முன்பு 35,400 ரூபாய் அனுப்பினார். சம்பளம் ஒரு பைசா ஏறாமலே பிறகு 46,300 அனுப்பினார். இந்தியாவுக்கு மட்டும் கஷ்டம் வந்து ரூபாய் விழுந்தால், கல்ஃபில் இருக்கிற நம்மூர்க்காரருக்கு நாகர்கோவில் நிலம் மலிவாகிறது. பெங்களூரில் வேலை போய் ஒருவர் பின்வாங்கும்போது துபாயில் இருந்து இன்னொருவர் முன்வருகிறார். விலை அசையாமல் நிற்பதற்கு இதை முக்கியமான காரணமாக நினைக்கிறேன்.

மந்தம் கல்ஃபையே பிடித்தால் கதை தலைகீழ். 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே வந்தது. அதே ஆண்டுகளில் ரப்பரும் விழுந்துகொண்டிருந்தது. 2011-இல் கிலோ 240 ரூபாயை எட்டிய ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 பக்கம் கிடந்தது. விளவங்கோடு, திருவட்டார் பக்கத்தில் மகன் கல்ஃபிலும் அப்பா ரப்பர் வெட்டிலும் வாழ்கிற வீடுகளுக்கு இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் வற்றியது. அந்த மாதிரி மந்தம் வந்தால் மேற்குப் பகுதியில் பேரம் பேச இடம் உண்டு. நாகர்கோவிலில் அந்த அளவுக்கு இருக்காது. அங்கே அரசு ஊழியர், ஆசிரியர், மருத்துவக் கல்லூரி, ஓய்வூதியக்காரர் என்று வேறு வேறு வாய்க்கால்களில் தண்ணீர் வருகிறது.

கருங்கலுக்கும் திங்கள்சந்தைக்கும் இடையே ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். பதினான்கு சென்டில் இரண்டு மாடி, வாசலில் கிரானைட், வெங்கலக் கைப்பிடி வைத்த தேக்குக் கதவு, மாடியில் நான்கு அறைகளிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில். மகன் குடும்பத்தோடு குவைத்தில். திறந்து காட்டிய பெரியவர் ஒவ்வொரு அறையிலும் சுவரைத் தட்டி, "இதுக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு தெரியுமா மக்களே?" என்றார். கேட் கம்பியில் கட்டிய 'விற்பனைக்கு' போர்டில் இருந்த பழைய போன் நம்பரின்மேல் வெள்ளையடித்துப் புதிய நம்பர் எழுதியிருந்தது. எவ்வளவு காலமாக விற்காமல் கிடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இவ்வளவு பணம் வைத்திருப்பவர் தன் ரசனைக்குத் தானே கட்டிக்கொள்வார். இல்லாதவருக்கு அந்த வீடு தேவையில்லை. ஆகவே இத்தகைய வீடுகளுக்குக் கிடைக்கிற விலை, இடத்தின் விலையும் கட்டடத்துக்கு ஏதோ கொஞ்சமும்தான். போட்ட பணத்தில் ஒரு பகுதி கண்டிப்பாகப் போகும். குமரியில் விலை வீழ்ச்சி என்று உண்மையிலேயே ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது, அதற்கு மந்தம்கூட வேண்டியதில்லை. பெரிய குடும்பம், இரண்டு தலைமுறை சேர்ந்து இருக்கப் போகிறீர்கள் என்றால் இப்படிப்பட்ட வீட்டைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

வாடகையில் காத்திருந்தால் நஷ்டமா?

"வாடகை கொடுக்கிறது வெட்டிச் செலவு" என்று சொல்லாத மாமனார் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லட்சம் ரூபாய் வீடு. இதே மாதிரி வீட்டுக்கு வாடகை மாதம் 12,000 என்று கொள்வோம். கடன் 40 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். தவணை 34,700 ரூபாய்.

முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டும் தவணையில் வட்டி மட்டும் 6.67 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 4.5 லட்சம். கைப்பணம் 10 லட்சத்தோடு இதையும் சேர்த்து 14.5 லட்சத்தை 6.5 சதவீத வைப்பில் போட்டிருந்தால் இரண்டு வருடத்தில் 1.95 லட்சம் வந்திருக்கும். அந்த 4.5 லட்சத்தைக் காத்திருந்து வாங்குகிறவரும் பிறகு கட்டத்தான் வேண்டும், அதனால் அதைச் செலவில் சேர்க்கவில்லை. ஆக, வட்டியும் இழந்த வைப்பு வட்டியும் சேர்த்து, சொந்த வீட்டில் இருப்பதற்கு ஆன செலவு 8.6 லட்சம். வாடகைக்காரர் கொடுத்தது 2.88 லட்சம். வித்தியாசம் 5.7 லட்சம், அதாவது வீட்டு விலையில் 11 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இரண்டு வருடத்தில் வீட்டின் விலை 11 சதவீதத்துக்குக் குறைவாக ஏறினால் காத்திருந்தவருக்கு நஷ்டம் இல்லை. விலை விழ வேண்டும் என்றுகூட இல்லை, மெதுவாக ஏறினாலே போதும். மந்த காலத்தில் இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள 22,700 ரூபாய் வித்தியாசத்தை மாதா மாதம் எடுத்து வைக்கிறவருக்குத்தான் இது பொருந்தும். கல்யாணம், புது போன், கார் என்று கரைக்கிறவருக்குத் தவணைதான் கட்டாய சேமிப்பு. உங்களை நீங்களே அறிவீர்கள். இன்னொன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற முடியாத வயதில் இருந்தால், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வதன் விலையை எந்தக் கணக்கிலும் போட முடியாது.

ஒத்தி

சென்னைக்காரர்கள் லீசு என்று சொல்வதை நாம் ஒத்தி என்கிறோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்குவது. 8,000 ரூபாய் வாடகை போகும் வீட்டை 8 லட்சம் ஒத்திக்குப் பிடித்தால், அந்தப் பணம் வங்கியில் கிடந்து மாதம் 4,300 ரூபாய் தரும். வாடகையோ 8,000. சாதாரண காலத்தில் காத்திருப்பவருக்கு ஒத்தி நல்ல வழி.

மந்த காலத்தில் எனக்கு ஒத்தி பிடிக்காது. நீங்கள் வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அதை மகளின் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ செலவழித்திருப்பார். உங்களுக்குத் திருப்பித் தர அவருக்கு ஒரே வழி, அடுத்த ஒத்திக்காரர். ஊரில் பணப்புழக்கம் இல்லாதபோது அந்த அடுத்தவர் வரமாட்டார். நல்ல வீடு ஒன்று குறைந்த விலைக்குப் பேசி வரும் சரியான நேரத்தில் உங்கள் கைப்பணம் ஒத்தியில் மாட்டிக்கிடக்கும். காத்திருப்பதன் நோக்கமே கையில் ரொக்கம் வைத்திருப்பது, ஒத்தி அதைத்தான் பறிக்கிறது.

போயே ஆக வேண்டும் என்றால், வில்லங்கம் போட்டு வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களுக்குப் போகத்தான் மிச்சம் உங்களுக்கு. இருபது ரூபாய் பத்திரத்தில் இரண்டு சாட்சி கையெழுத்து வைத்து முடிப்பது நம்மூரில் சகஜம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அடமானம், ஆதாரங்களை ஒப்படைத்து வாங்கும் கடன் தவிர, பதிவு செய்யப்பட வேண்டும். ஒத்தியும் அதற்குள் வரும்.

மனை வாங்கிப் போடுவது

இருக்கிற வழிகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், புரோக்கர்கள் அதிகம் தள்ளுவதும் இதைத்தான். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் போனால் விழிஞ்ஞம் துறைமுகத்தைக் காட்டி சென்டுக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது உண்மை. அது கேரளத்தில் இருக்கிறது, நீங்கள் வாங்கப்போகும் பத்து சென்ட் வாழைத்தோப்பு இங்கே இருக்கிறது. நான்குவழிச் சாலை வரும் என்று சொல்லி விற்ற மனைகளில் சாலைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

மந்தத்தில் முதலில் விற்க முடியாமல் போவது வெறும் மனைதான் என்பதை 2016-17 காட்டியது. வாடகை வராது, குடியிருக்க முடியாது, காடு வளர்ந்தால் வெட்டக் கூலி வேறு. ஆனாலும் ஊருக்குள், பக்கத்தில் வீடுகள் உள்ள, கார் போகிற வழியுள்ள ஐந்தாறு சென்ட் கிடைத்து, ஓரிரு வருடத்தில் வீடு கட்டுவது உறுதி என்றால் கதை வேறு. மந்த காலத்தில் நல்ல கொத்தனார் கிடைப்பார், காண்டிராக்டர் போனை எடுப்பார், வார்ப்புக்குச் சொன்ன நாளில் ஆள் வரும். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. ஜல்லி, எம்-சாண்டில் மட்டும் பெரிய குறைவை எதிர்பார்க்காதீர்கள். நம் மலைக் கல்லுக்கு எல்லைக்கு அந்தப் பக்கமும் கிராக்கி இருக்கிறது. கையில் ரொக்கம் உள்ளவருக்கு, மந்த நேரம் கட்டுவதற்கு நல்ல நேரம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியதில் மற்ற மாவட்டக்காரருக்குத் தெரியாத இரண்டு விஷயம் இங்கே உண்டு. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலையோர ஊர்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகின்றன. ஹாக்கா என்று சொல்வார்கள். அங்கே மனை பிரிக்கவும் கட்டவும் தனி அனுமதி வேண்டும். இரண்டாவது, 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற சர்வே எண்கள். பட்டா கையில் இருந்தாலும் அதற்கான குழுவின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு போய்ப் பதிவு அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். நாஞ்சில் நாட்டு வயலை நிரப்பிய மனை என்றால், 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லமாட்டார்.

ஒரு சின்ன லாபம்: 2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ஐந்தாறு சென்ட் வாங்குகிறவர்களுக்குச் சிலசமயம் பொருந்தும்.

பழைய வீடு

என் ஓட்டு இதற்குத்தான். வெட்டூர்ணிமடம், வடசேரி, கோட்டாறு, தக்கலை, குழித்துறை என்று எந்த ஊரிலும் முப்பது நாற்பது வருடத்து வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. அப்பா அம்மா காலமாகி, பிள்ளைகள் ஒருவர் சென்னையில், ஒருவர் கனடாவில், ஒருவர் உள்ளூரில். ரசனையோடு புதிதாகக் கட்டியவர் போல இவர்கள் ஒவ்வொரு செங்கல்லுக்கும் விலை சொல்வதில்லை. பாகம் பிரிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பங்கு ரொக்கமாகக் கைக்கு வர வேண்டும். மந்தம் வந்து அண்ணன் தம்பியில் ஒருவருக்கு வேலை போனால் அவசரம் கூடும். கட்டடத்துக்கு மதிப்பே போடாமல் இடத்தின் விலைக்கு முடிகிற வீடுகள் இந்த வகையில்தான் கிடைக்கின்றன. கிணறு இருக்கும், தண்ணீர் நன்றாக இருக்கும், முற்றத்தில் காய்க்கிற தென்னை இரண்டு நிற்கும்.

தொல்லையும் இதில்தான் அதிகம். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருமணமாகிப் போன அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று என்பது அவர் பங்கை இல்லாமல் ஆக்காது. வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் முறையாக எழுதி அனுப்ப வேண்டும். வங்கிக் கடன் வேண்டுமென்றால் முன் ஆதாரங்கள் எல்லாம் அசலாகக் கேட்பார்கள்.

அடுத்தது வழி. ஆதாரத்தில் "மூன்றடி நடைபாதை" என்று இருக்கும், நேரில் பார்த்தால் ஆட்டோ போகும். பக்கத்து விளைக்காரர் நல்லவராக இருக்கிறவரைதான் அந்த ஆட்டோ. ஒரே வரிசையில் கார் வழியுள்ள வீட்டுக்கும் நடைபாதை வீட்டுக்கும் சென்டுக்குப் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வழியை முனையிலிருந்து அளந்து, ஆதாரத்தில் உள்ள அளவோடு வைத்துப் பாருங்கள். வீட்டு மராமத்துக்கு நீங்கள் நினைப்பதைப்போல ஒன்றரை மடங்கு எடுத்து வையுங்கள். வயரிங்கும் குழாயும் எப்படியும் மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும்.

அடுக்குமாடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் சில இருக்கின்றன. தனி வீட்டுக்குப் பழகிய ஊரில் மறுவிற்பனைக்கு வாங்குபவர் குறைவு. எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா (வீட்டுமனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், மந்த காலத்தில் கட்டி முடிக்காத பிளாட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வங்கி ஏலத்தில் வரும் வீடுகள் மலிவு போலத் தெரியும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுகிற வேலை உங்கள் தலையில் விழலாம், வக்கீல் நண்பர் இருந்தால் மட்டும் பாருங்கள்.

யாருக்கு எது

அரசு வேலை, நிரந்தர ஆசிரியர் வேலை, ஓய்வூதியம் என்று மந்தம் தொடாத வருமானம் உள்ளவர் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பயந்து ஒதுங்கும் நேரம் இவருக்குத்தான் சாதகம். பழைய வீடோ, பூட்டிக்கிடக்கும் பெரிய வீடோ பார்த்துப் பேசலாம். வட்டி குறைந்தால் தவணை தானாகக் குறையும், மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்க முடியாது.

கல்ஃபில் இருப்பவர், மந்தம் எந்தக் கரையில் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் என்றால் வாங்குங்கள். எண்ணெய் விலை விழுகிறது, கம்பெனியில் சம்பளம் தாமதம் என்றால் கடன் வாங்கி வீடு வேண்டவே வேண்டாம், ரொக்கத்தோடு திரும்பி வந்து வாடகையில் இருங்கள். ஒரு வருடத் தவணை கையிருப்பு இல்லாத ஐ.டி.காரருக்கும் அதே பதில். காத்திருந்தும் வீட்டு விலை 10 சதவீதம் இறங்காமல் போவதால் வரும் நஷ்டம் தாங்கக்கூடியது. வேலை போன ஆறாவது மாதத்தில் அந்த வீட்டை அவசரமாக விற்பது தாங்கக்கூடியதல்ல. மந்தத்தில் இறங்கி விற்கிற அந்தச் சிலரில் நீங்களே ஒருவராகிவிடுவீர்கள்.

பேசும்போது முதலில் விலையைக் கேட்காதீர்கள். எவ்வளவு நாளாகப் போர்டு இருக்கிறது, இதற்குமுன் யாராவது அட்வான்ஸ் கொடுத்துத் திரும்பினார்களா, பணம் எப்போது தேவை என்று கேளுங்கள். குமரியில் சொன்ன விலையைக் குறைப்பது உரிமையாளருக்கு மானப் பிரச்சினை, அதனால் விலையை விட்டுவிட்டு வேறு வழியில் இறக்குங்கள். கிணறு தூர்வாரித் தர வேண்டும், பட்டா பெயர் மாற்றம் அவர் செலவு, சுற்றுச்சுவர் அவர் கட்டித் தர வேண்டும் என்று ஒவ்வொன்றாக வைத்தால் சில லட்சம் சத்தமில்லாமல் இறங்கும். நாற்பது நாளில் முழுப் பணமும் தருகிறேன் என்று சொல்ல முடிந்தவருக்கு மந்த காலத்தில் இருக்கும் மரியாதையே தனி.

விலை ஒத்துவந்தால் முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வங்கி கடன் மறுத்தாலோ, வாரிசுகளில் யாராவது கையெழுத்துக்கு வராவிட்டாலோ முன்பணம் முழுவதையும் முப்பது நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். அந்த வரியை எழுதச் சம்மதிக்காதவரின் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.